பாயிண்ட்காரர்

கொடைக்கானல் போய்வந்தவரிடம் "ஊர் எப்படி?" என்று விசாரித்தால் "நல்ல குளிர்" என்பார். பாயிண்ட்காரரிடம் விசாரித்தால் "பதினாலு" என்பார். பதினாறில் பதினாலு. விட்டுப்போன இரண்டுக்கும் அவர் பொறுப்பல்ல. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டுமாம். இன்னொன்று, மாமியாருக்கு வாந்தி வந்த நேரம் பார்த்து வலது பக்கமாகக் கடந்துபோய்விட்டது.

ஆளை வத்தலக்குண்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். டீக்கடை வாசலில் வெயில் மண்டையைப் பிளக்கும். அவர் மங்கி குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டு நிற்பார். 2024 மே 7 முதல் மலைக்குப் போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்றார்களே, அதில் மூன்று நகல் கையில் இருக்கும். சோதனைச் சாவடியில் யாரும் கேட்கும் முன்பே ஜன்னல் வழியாக நீட்டுவார். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மேலே தடை என்று கேள்விப்பட்டு, இருபது லிட்டர் கேன் ஒன்றைப் பின் சீட்டில் மாமியாருக்கும் பையனுக்கும் நடுவில் உட்கார வைத்திருப்பார். கேனுக்குத்தான் ஜன்னலோரம் கிடைக்கவில்லை.

மலைப்பாதையில் வெள்ளி நீர்வீழ்ச்சி வரும். 180 அடி உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர். "தம்பி, கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்க... ம், போங்க." ஒன்று முடிந்தது.

மேலே போனதும் முதல் வேலை டாக்சி ஸ்டாண்டில் பேரம். பணத்தைப் பற்றிய பேரம் அல்ல.

"எத்தனை பாயிண்ட் காட்டுவீங்க?"

"பன்னண்டு சார்."

"பக்கத்து வண்டிக்காரர் பதினாறுங்கிறாரே?"

"கோல்ஃப் மைதானத்தை ரோட்டுல இருந்து பாக்கறதையும் அவன் ஒண்ணுன்னு சேத்திருப்பான் சார்."

"அப்ப நீங்களும் சேத்துக்குங்க."

சேர்த்துக்கொள்ளப்பட்டது. டிரைவர் கொடுத்த லேமினேட் அட்டையைப் பாயிண்ட்காரர் வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார். அதன்பிறகு அன்று முழுக்க அவர் பார்ப்பது அந்த அட்டையைத்தான்.

தூண் பாறையில் அவரைப் பார்க்க வேண்டும். 400 அடி உயரத்துக்கு மூன்று பாறைகள் பள்ளத்தாக்கிலிருந்து எழுந்து நிற்கும் இடம். மேகம் இறங்கிவிட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான். டிக்கெட் வாங்கி, கம்பி வேலிக்குப் போய், குடும்பத்தையே அந்த வெள்ளைக்கு முன்னால் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்.

"அப்பா, ஒண்ணுமே தெரியலையே?"

"அதுக்குப் பின்னாடிதான்டா இருக்கு. நல்லாப் பாரு."

பத்து நிமிஷம் நின்றால் மேகம் கலையும் என்று வேர்க்கடலை விற்கிற அம்மா சொல்வார். முப்பது வருஷமாக அதே இடத்தில் நிற்பவர் வாக்கு அது. வீட்டம்மாவும் "நின்னுதான் பாப்பமேங்க" என்பார். பாயிண்ட்காரர் கணக்குப் போடுவார்: அந்தப் பத்து நிமிஷத்தில் குணா குகையை முடித்துவிடலாம். வண்டி வளைவு தாண்டும்போது பின்னால் "ஹே!" என்று பெரிய கூச்சல் கேட்கும். மேகம் கலைந்திருக்கும். கடலை வாங்கியவர்கள் பார்ப்பார்கள்.

குணா குகை, 1991இல் வந்த கமல் படத்தால் பெயர் பெற்றது. அதற்கு முன் அதை ஆங்கிலத்தில் பேயின் அடுக்களை என்று அழைத்தார்கள். 2024இல் மலையாளத்திலிருந்து வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்துக்குப் பிறகு கூட்டம் இன்னும் பெருகிவிட்டது. குகை வாய்க்குக் கம்பி போட்டிருப்பதால் மர வேர்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்.

சூரிய ஆய்வகத்தில்தான் அவருக்கு உண்மையான அதிர்ச்சி. 1899இல் நிறுவிய இடம் அது. சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி நகர்கிறது என்பதை 1909இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்ததும் இங்கேதான். நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரே சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் பாயிண்ட்காரர் தாழ்ந்த குரலில் டிரைவரிடம், "இன்னுமா முடியல?" என்பார்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் பூ எங்கே என்று கேட்பார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான், 2018இல் பூத்தது, இனி 2030 என்று பதில் வரும். வருத்தப்படமாட்டார், பூ அட்டையில் இல்லை. ஆனால் வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து பழனி மலை தெரியும் என்றதும் முகம் மலரும். அந்தத் திசையில் கும்பிட்டுவிட்டு, "பழனியும் ஆச்சு" என்பார்.

ஏரி கடைசியில். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் நீரைத் தேக்கி உருவாக்கியது. கரையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் இருக்கும். வீட்டம்மா ஒரு கல் பெஞ்சைப் பார்த்து, "செத்த நேரம் சும்மா உக்காரலாமா?" என்று கேட்டுவிடுவார். "உக்காரவா இவ்வளவு தூரம் வந்தோம்? வீட்டுல சோபா இருக்கே!"

இவரைக் கேலி செய்கிற இன்னொரு கூட்டம் உண்டு. பாயிண்ட் என்றாலே முகம் சுளித்து, 'யாரும் போகாத இடம்' தேடி வட்டக்கானலுக்குப் போகும். அங்கே யாரும் போகாத இடம் தேடி வந்த முந்நூறு பேரோடு வரிசையில் நின்று தேநீர் குடிக்கும். அவர்களைவிடப் பாயிண்ட்காரர் எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கிற ரெண்டு நாள் லீவு, சீசன் வாடகை, காலை பத்து மணிக்கு ரூமைக் காலி செய்யச் சொல்லும் லாட்ஜ். இத்தனைக்கும் நடுவில் மலையை எண்ணிப் பார்க்காமல் ரசித்துப் பார் என்று சொல்ல, சொல்கிறவருக்கு மலையிலேயே சொந்த வீடு இருக்க வேண்டும்.

அடுத்த மே மாதம் அவர் ஊட்டி போகிறார். 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும் தாவரவியல் பூங்காவும் ஒரே காலையில் அடங்குமா என்று இப்போதே போன் போட்டு விசாரிக்கிறார். நீங்களும் அந்த வாரம் அங்கே போவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள்: கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். பின்னால் ஒருவர் போட்டோவுக்காகக் காத்திருப்பார். அவருக்கு இன்னும் ஒன்பது பாக்கி.