டிரான்சிட் மாமா

திருச்சி விமான நிலையத்தில் ஒருவர் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சட்டை மாட்டிக்கொண்டு வியர்த்து வழிய நிற்கிறாரா? டிரான்சிட் மாமாவாகத்தான் இருக்கும். ஏர் ஆசியாவில் கையில் கொண்டுபோக ஏழு கிலோதான். போட்டிருக்கும் துணியை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. மகள் பிரசவத்துக்கு மெல்பர்ன் போகிறார். கோலாலம்பூரில் பதினான்கு மணி நேரம் கிடந்தால் டிக்கெட் விலை குறையும் என்று மருமகன் கண்டுபிடித்துச் சொன்னார். மாமா மருமகனைப் பாராட்டியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

இந்த இனம் தானாக முளைக்கவில்லை. கடனில் தத்தளித்த ஏர் ஆசியாவை 2001இல் டோனி பெர்னாண்டஸ் ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார். மலிவு விமானங்களுக்கென்றே கேஎல்ஐஏ 2 முனையம் 2014 மே மாதம் திறக்கப்பட்டது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்றானது. அதுவரை நாற்காலியில் காலை நீட்டிக் கிடந்த மாமா, ஊருக்குள் இறங்கிவிட்டார்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயில் கட்டணம் 55 வெள்ளி. ரிங்கிட்டை அங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். மாமா மனசுக்குள் இருபதால் பெருக்கிப் பார்த்தார். ஒரு வெள்ளிக்கு விமானக் கம்பெனியே கிடைத்த நாட்டில் 55 வெள்ளிக்கு ரயில் டிக்கெட்டா என்று பஸ்ஸில் ஏறிவிட்டார்.

தங்குவதற்கு ஓட்டல் எதற்கு? கம்போங் மேடானில் ஒன்றுவிட்ட தங்கை மகன் இருக்கிறானே. மலேசியாவுக்குள் நுழையுமுன் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவத்தில் அந்த வீட்டு முகவரியை எழுதிய பிறகுதான் அவனுக்கே தகவல் போனது. கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் பிடித்து, கம்போங் டத்தோ ஹருண் நிலையத்தில் இறங்கி, வெளியே வந்து போன் அடித்தார். “மாப்ள, வந்துட்டேன்.” மாப்பிள்ளை அப்போதுதான் தொழிற்சாலை இரவு வேலை முடிந்து தலையணையில் தலை வைத்திருந்தார்.

பிளாட்டின் லிப்டில் நாலு பேர் நிற்கும்போதே மாமா உரக்கக் கேட்டார்: “கலவரம்னு பேப்பர்ல போட்டானே, அந்த ஊர்தானே இது?”

2001 மார்ச்சில் அங்கே நடந்த இனக் கலவரத்தில் ஆறு உயிர்கள் போயின. மாப்பிள்ளை அப்போது பள்ளிக்கூடப் பையன். பிளாட்டில் யாரும் அந்த ராத்திரிகளைப் பற்றி விருந்தாளியிடம் பேசுவதில்லை. “ரொட்டி சானாய் பொங்குஸ், அதான் பார்சல், பண்ணி வச்சிருக்கேன், ஆறிடும். பசியாறுங்க மாமா” என்றார் மாப்பிள்ளை.

குளியல், பசியாறல் ஆனதும் பத்துமலை. “நீ தூங்கு, நான் தனியாப் போய்க்கிறேன்” என்று மாமா சொன்ன தொனியில் மாப்பிள்ளை உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். கேஎல் சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்குக் கொமுட்டர் உண்டு என்பதை மாமாதான் அவருக்குச் சொன்னார். மாப்பிள்ளைக்குத் தைப்பூசத்துக்கு மோட்டாரில் போய்த்தான் பழக்கம். அடிவாரத்தில் 2006இல் நிறுவிய 140 அடி முருகன். மாமா அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, “எங்க சேலம் பக்கம் புத்திரகவுண்டன்பாளையத்துல 146 அடி. 2022ல கும்பாபிஷேகம் ஆச்சு. இதைச் செஞ்ச திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதிதான் அதையும் செஞ்சாரு” என்றார்.

“ஆறடிதானே மாமா. இங்க 272 படி இருக்கு லா.”

அந்த ஒரு பதிலுக்காகவே மாப்பிள்ளையை மன்னிக்க முடியாமல், மாமா படி முழுவதும் பேசாமல் ஏறினார்.

இரட்டைக் கோபுரத்தில் 41, 42ஆம் மாடிகளை இணைக்கும் பாலத்துக்குப் போக டிக்கெட் உண்டு. விலையை விசாரித்தார், இருபதால் பெருக்கினார். “மேலே ஏறிட்டா கோபுரம் எப்படிடா தெரியும்? கீழே நின்னாத்தானே தெரியும்!” 452 மீட்டரையும் பூங்காவில் நின்றே பார்த்து முடித்தார். இதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு மாப்பிள்ளை செலவு. அன்றைய இரு நாட்டுப் பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் 2010இல் திறந்துவைத்த லிட்டில் இந்தியாவைச் சுற்றிவிட்டு, கோடாலித் தைலம் வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தார். 7.98 என்று விலை ஒட்டியிருந்தது. காசாளர் எட்டு வெள்ளி கேட்டார். 2008 ஏப்ரல் முதல் மலேசியாவில் பில் தொகையை ஐந்து காசுக்கு முழுமையாக்கிவிடுவார்கள். ஒரு காசு நாணயம் புழக்கத்தில் இல்லை. மாமா விடுவாரா? இடுப்புப் பையிலிருந்து ஒரு பழைய ஃபிலிம் டப்பாவை எடுத்தார். தொண்ணூறுகளில் இங்கே வேலை பார்த்த அண்ணன் கொண்டுவந்த ஒரு காசுகள் அதில் ஒரு பிடி இருந்தன. சட்டப்படி அவை செல்லாக்காசு இல்லை என்று வாதம் தொடங்கியது. அதுவும் உண்மைதான். பின்னால் வரிசை நீண்டது. மாப்பிள்ளை தன் பத்து வெள்ளித் தாளை நீட்டினார். தைலமும் இரண்டு வெள்ளி மிச்சமும் மாமாவின் பைக்குள் போயின.

சாயங்காலம் நண்பரிடம் கார் இரவல் வாங்கி, பெட்ரோல் போட்டு, டோல் கட்டி மாமாவை விமான நிலையத்தில் விட்டார் மாப்பிள்ளை. “டோல் எவ்வளவு மாப்ள?” என்று மாமா கேட்டதும் அவர் ஒரு நிமிடம் நம்பித்தான் போனார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாராம்.

உள்ளே போனதும் மாமா பாக்கெட் டைரியில் ‘கோலாலம்பூர் மொத்தச் செலவு 22 வெள்ளி’ என்று எழுதி அடிக்கோடிட்டார். அப்புறம் அடுத்த மாதம் குடும்பத்தோடு பெர்த் போகப்போகும் எதிர் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். “ஓட்டல் கீட்டல் போட்டுடாதீங்க. அட்ரஸ் அனுப்பறேன், பாரத்துல அதையே எழுதிடுங்க. நம்ம பையன்தான், நைட் டூட்டி. பகல் பூரா சும்மாத்தான் இருப்பான்.”