பலூன் ஊதத் தெரியாதவன்

எங்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாக்களில் பலூன் ஊதும் வேலையை மட்டும் என்னிடம் தரமாட்டார்கள். எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. இந்த லட்சணத்தோடுதான் மயக்க மருத்துவம் படிக்கப் போனேன்.

எல்.எம்.ஏ. என்று ஒரு சாதனம். 1981-இல் லண்டனில் ஆர்ச்சி பிரெயின் என்ற மயக்க மருத்துவர் உருவாக்கியது. குழாயின் நுனியில் குட்டிப் படகு போலக் காற்றடைத்த வளையம். தொண்டைக்குள் இறங்கிக் குரல்வளையின் வாசலில் உட்காரும். மூச்சுக்குழலுக்குள் டியூப் போடுவதைவிடச் சுலபம். அந்தச் சுலபம்தான் என்னைக் கெடுத்தது.

முதலாம் ஆண்டு. குடலிறக்க அறுவைக்கு வந்த பெரியவர். மருந்து முழுதாக வேலை செய்யும்வரை காத்திராமல், 4-ஆம் எண் எல்.எம்.ஏ.வைச் செருகினேன். மூச்சு கொடுக்கும் பேகை அமுக்கினால் உஸ்ஸென்று கசிவு. காற்று போதவில்லை போலும் என்று சிரிஞ்சால் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். கசிவு நிற்கவில்லை. இன்னும் ஏற்றினேன். 4-ஆம் எண்ணுக்கு உச்சம் 30 மி.லி. காற்று; நான் 40-ஐத் தொட்டிருந்தேன். பேக் கல்லாக இறுகியது. கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் திரையில் மேடு மேடாக ஓடவேண்டிய கோடு தரையோடு படுத்தது. இயந்திரத்தைச் சந்தேகித்தேன், பிறகு குழாய்களை, பிறகு மானிட்டரை. என்னைத் தவிர எல்லாரையும் சந்தேகித்தாயிற்று. ஆக்ஸிஜன் இறங்க இறங்க மானிட்டரின் 'டிக் டிக்' சுருதியும் இறங்கியது.

"டாக்டர், அதை எடுத்துட்டு மாஸ்க் வெச்சுப் பாக்கலாமா?" என்றார் சிஸ்டர், கேள்வி போல.

எடுத்தேன். தாடையைத் தூக்கி மாஸ்க்கை அழுத்தினேன். நெஞ்சு ஏறியது, சுருதியும் ஏறியது. கையிலிருந்த எல்.எம்.ஏ.வின் நுனி நாக்கு மடித்தது போல உள்பக்கம் சுருண்டிருந்தது. வளையம் மட்டும் வடையாக உப்பியிருந்தது.

பேராசிரியர் அதை வாங்கிப் பார்த்தார். "மடங்கின நுனியை ஊதி நிமித்த முடியாதுப்பா. ஊதினது போய் மூச்சு வாசலைத்தான் அடைச்சிருக்கு. வளையத்துல அழுத்தம் 60 செ.மீ. தண்ணிக்கு மேல போகக்கூடாது, தெரியுமில்ல?"

தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

மயக்கம் ஆழ்ந்தபின் அவர் புதிதாக ஒன்றை வைத்தார். பாதி அளவு காற்றிலேயே அது அமைதியாக உட்கார்ந்தது. பெரியவர் மாலையில் காப்பி கேட்டார்.

இன்று மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கசிந்தால் ஊதாதே, கழற்று. வீட்டில் பலூன் ஊதுவது இன்னும் என் மனைவிதான்.