கைச்சப்பாத்து: ஓர் இறுப்பிட்டி ஆய்வு

ஜெர்மன்காரர் கையுறையை 'ஹண்ட்ஷூ' என்பர். ஹண்ட் கை, ஷூ சப்பாத்து. ஆக, கைச்சப்பாத்து. புங்குடுதீவு இறுப்பிட்டியில் குளிருக்குக் கையுறை மாட்டியவர் எவருமில்லை. எனவே இப்பொருளை விருப்பு வெறுப்பின்றி ஆராயத் தகுந்த ஊர் இதுவே என்பது நம் துணிபு.

ஜெர்மானிய இனத்தார் எதையும் காலிலிருந்து பார்ப்பவர் என்பது நம் முதற்கோள். சான்று பக்கத்திலேயே உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், மொழிவழியில் ஜெர்மானியருக்கு ஒன்றுவிட்ட சகோதரர். புங்குடுதீவுக்கு மிடெல்பர்க், நயினாதீவுக்கு ஹார்லெம் என்று தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டியதோடு விட்டார்களா? இலங்கை முழுவதையும் ஒரு பன்றித் தொடையாகக் கண்டு, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டைக்கு 'ஹமன்ஹீல்', அதாவது தொடையின் குதிக்கால், என்று பெயர் வைத்தார்கள். நாட்டையே காலாகப் பார்த்தவரின் சொந்தக்காரர் கைக்குச் சப்பாத்துப் போடாமல் விடுவாரா?

பழைய ஆங்கிலக் காப்பியமான பேவுல்ஃபிலும் இச்சொல் உண்டு. ஹொண்ட்ஷியோ என்ற வீரன், பெயரிலேயே கைச்சப்பாத்து, கிரெண்டல் எனும் அரக்கனுக்கு இரையாகிறான். அந்த அரக்கனிடமோ ஆளைப் பிடித்து அடைக்கும் பெரிய கையுறை ஒன்று! புலவர் சிரித்துக்கொண்டுதான் எழுதியிருப்பார் என்பது என் கட்சி.

ஷூ என்பதன் ஆதி வேருக்கு 'மூடுதல்' என்றே பொருள், ஆகவே ஹண்ட்ஷூவும் நம் கையுறையும் ஒன்றே என்று சொற்பிறப்பியலார் சிலர் கூறுவர். நியாயந்தான். ஆனால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும் என்பதால் இக்கூற்றுத் தள்ளப்படுகிறது.

இனிக் கள ஆய்வு. சுவிஸிலிருந்து ஆடி விடுமுறைக்கு வந்த பேரனின் பெட்டியடியில் கம்பளிக் கையுறைச் சோடி ஒன்று கிடந்தது. ஆச்சி அதைத் தூக்கிப் பார்த்தா.

"இதென்ன ராசா, கைக்குப் போடுற மேசோ?"

கவனிக்க: மேசு (காலுறை), சப்பாத்து இரண்டுமே போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். ஜெர்மானியர் சப்பாத்தோடு நின்றுவிட, ஆச்சி அதற்குள்ளேயும் கைவிட்டு மேசை எடுத்துவிட்டா. அடித்தோல் இல்லை, நாடா இல்லை, கம்பளி. பொருத்தத்தில் கைமேசே மேல். பேரனின் சுவிஸ் பேச்சிலோ சொல் தேய்ந்து 'ஹெண்ட்ஷே' ஆகிவிட்டது. சப்பாத்து எங்கே கழன்றதென்று அவனுக்கே தெரியாது.

கைமேசில் ஒன்று இப்போது ஆச்சியின் அடுப்படியில் கூழ்ப்பானை இறக்குகிறது. மற்றதைப் பேரன் தேடிக்கொண்டிருக்கிறான்.