உடுக்குறியியல்: விளையாட்டுச் சாட்டில் இடக்கரடக்கல் குறித்த ஆய்வு முன்னுரை

தகுதி வழக்கு மூன்று என்பது நன்னூல்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அதை இயற்றிய பவணந்தி முனிவர் ஆன்லைனில் விளையாடியவரல்லர். ஆயினும் இம்மூன்றையும் ஒருசேரக் காண, விளையாட்டுச் சாட்டை விஞ்சிய இடம் இன்று இல்லை.

முதலாவது இடக்கரடக்கல். மனிதர் 'கால் கழுவி வந்தேன்' என்பார். செய்தியும் சேரும், சபையும் நாறாது. வசைவடிகட்டிக்கு அந்த நயம் வராது. வரிசையாக உடுக்குறி இடும். ராப்ளாக்ஸில் ஹாஷ் குறி, ஸ்டீமில் இதயக் குறி. வைதவன் வாயில் இதயம் வைக்கும் தத்துவம் தனி ஆய்வுக்குரியது.

வடிகட்டியின் பெருங்குறை யாதெனின், எச்சொல்லையும் சேர்ந்தும் பிரிந்தும் பொருள்தரும் பொதுமொழியாகக் கொள்வது. 'எட்டு' சேர்ந்து நின்றால் எண். 'எள் து' எனப் பிரிந்தால் எள்ளைத் தின் என்னும் ஏவல். எங்கே பிரிப்பது என்று நாம் இடம்பார்த்து முடிவுசெய்வோம். வடிகட்டிக்குத் தெரிந்தது எழுத்துத் தொடர் மட்டுமே. 1996இல் ஏஓஎல் நிறுவனத்தின் வடிகட்டி, இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்ப்பெயரை இரண்டாம் எழுத்திலிருந்து ஐந்தாம் எழுத்துவரை மட்டும் படித்து, அவ்வூராரைக் கணக்குத் தொடங்க விடவில்லை. 'டார்க் சோல்ஸ் 2' முழுக்க நைட் (Knight) எனும் வீரர் கூட்டம். அப்பெயரை ஆட்டக்காரர் சூடினாலோ நடுவே மூன்று உடுக்குறி. 'போகிமான் பிளாக், வொயிட்' ஆட்டங்களிலோ கோஃபாக்ரிகஸ் என்னும் சவப்பெட்டிப் பேயை உலகளாவிய பரிமாற்றத்துக்கு அனுப்ப, பெயர் நடுவே வடிகட்டிக்கு ஒரு வசை தென்பட்டதால், அதற்குச் செல்லப்பெயர் இட்டாக வேண்டியிருந்தது. பெயர் சூட்டியதும் ஆட்டத்தை உருவாக்கியவர்களே, கூசியதும் அவர்களே. யார் கண்ணிலும் படாத ஆபாசத்தைத் தோண்டியெடுத்து, குறியிட்டு, அனைவரையும் சிந்திக்க வைப்பது வடிகட்டியே என்பது என் துணிபு.

மங்கலத்துக்கு ஓவர்வாட்ச் சான்று. தோற்றவரைச் 'எளிதாக முடிந்தது' என்று சீண்டும் 'ஜிஜி ஈஸி'யைத் தட்டினால், எனக்குத் தூங்கும் நேரம், அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்பது போன்ற வாசகமாக அது மாறித் திரையில் வரும். அமங்கலம் மங்கலமானது, மானம் போனது.

குழூஉக்குறி ஆட்டக்காரர் கைவேலை. எழுத்துக்கு எண் வைப்பார். இடையில் புள்ளி வைப்பார். இதற்கு அஞ்சி, அனுமதித்த சொற்களால் மட்டுமே பேசலாம் என்று டிஸ்னி 1990களில் சோதித்தது. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் ஒட்டகச்சிவிங்கியின் நீண்ட கழுத்தையும் பஞ்சுபோன்ற வெள்ளை முயலையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தான். அத்தனையும் அனுமதித்த சொற்கள். பின்னாளில் 2003இல் வந்த டிஸ்னியின் டூன்டவுன் ஆட்டத்தில் முழு வாக்கியங்களே பட்டியலாகத் தரப்பட்டன.

தமிழ் வசைக்கு வடிகட்டித் தொல்லை குறைவு. ஆங்கில எழுத்தில் அதை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ழகரத்துக்கு எந்த எழுத்து என்பதில்கூட உடன்பாடில்லை. நாம் ஒரு முடிவுக்கு வரும்வரை வடிகட்டி காத்திருக்க வேண்டியதுதான்.