துரைக்கு வெயில் ஆகாது

ஊட்டியைக் 'கண்டுபிடித்தவர்' ஜான் சல்லிவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் என்று அத்தனை பேரும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மலை எப்படித் தொலைந்துபோனது என்று அன்று நாம் யாரும் எழுந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்கள்.

சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டர். 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற உதவி துரைமார் இரண்டு பேர் மலையேறிவிட்டு வந்தார்கள். புகையிலைக் கடத்தல்காரனைத் துரத்திக்கொண்டு போனதாகக் கதை. கடத்தல்காரன் சாக்கு, துரத்தியது கோயம்புத்தூர் வெயில் என்பது என் கட்சி. அங்கே குளிருகிறது என்று கேள்விப்பட்டதும் கலெக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1819 ஜனவரியில் தானே கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு, "சுவிட்சர்லாந்து மாதிரி இருக்கிறது" என்று தாமஸ் மன்றோ துரைக்குக் கடுதாசி போட்டார். ஓட்டல் விளம்பரக்காரர்கள் இன்றைக்கும் அந்தக் கடுதாசியைத்தான் காப்பியடிக்கிறார்கள்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் முதலில் ஒரு வீடு கட்டினார். மனசு அடங்கவில்லை. தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கி, 1822இல் ஊட்டியில் அடுத்த வீட்டைத் தொடங்கினார். அந்த ஒரு ரூபாய்க்கு இன்று ஊட்டியில் ஒரு வர்க்கி வராது.

கல்லால் கட்டிய வீட்டுக்கு 'ஸ்டோன் ஹவுஸ்' என்று பெயர் வைத்தார். ஊர்க்காரர்கள் 'கல் பங்களா' என்றார்கள். இரு தரப்புமே மூளையைச் சிரமப்படுத்திக்கொள்ளவில்லை. எல்லாக் கற்பனையும் ஊர்ப்பெயரில் செலவாகியிருக்க வேண்டும். 1821இல் மதராஸ் கெஜட்டுக்கு யாரோ எழுதிய கடிதத்தில் ஊர் 'வோட்டோகிமண்ட்' ஆகியிருந்தது.

வீடு முடிந்தும் துரைக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஓடையை மறித்து ஏரி வெட்டினார், சீமைக் காய்கறி போட்டார், ஓக் மரம் நட்டார். ஒன்று சொல்லியாக வேண்டும்: மலை தோடர்களுக்குத்தான் சொந்தம், இழப்பீடு கொடுங்கள் என்று மதராஸ் சர்க்காரோடு மல்லுக்கு நின்றவரும் இதே மனிதர்தான். ஒரு ரூபாய்க்கு வாங்கிய பிறகு வந்த ஞானம் என்றாலும், மற்ற துரைமாருக்கு அதுவும் வரவில்லையே!

1870 முதல் கோடை வந்தால் மதராஸ் சர்க்காரே கோப்புகளோடு மலையேறியது. கல் பங்களா அதற்கு ஆபீஸ் ஆனது. ஒரு கலெக்டர் கண்ட சுகம் கவர்னர் முதல் குமாஸ்தா வரை தொற்றியது.

1955இல் அங்கே அரசு கலைக் கல்லூரி வந்தது. துரை தூக்கம் போட்ட வீட்டில் இப்போது கல்லூரி முதல்வர் அலுவலகம். ஊட்டிக்குப் போனால் படகுக்கு வரிசையில் நிற்கும் முன் அனுமதி கேட்டு அந்த வீட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். அந்த ஏரியும் அவர் வெட்டியதுதான்.