பேனா பி, பேங்க் பி

நூலகக் கணினியில் புத்தகம் தேடும் முறைகள் மூன்று. முதலாவது, பெயரைச் சரியாக அடிப்பது. இதில் ஒரே சிக்கல், சரியான பெயர் என்று ஒன்று கிடையாது.

தாமிரபரணியைத் தேடுபவர், பட்டியலில் ஆற்றை ஏற்றியவரின் மனநிலையை முதலில் ஊகிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஆறு 'டி'யில் தொடங்கும். சிலருக்கு அதன் பின்னால் ஒரு 'எச்' இல்லாமல் தூக்கம் வராது. நடுவில் வருவது பேனாவின் 'பி'யா, பேங்கின் 'பி'யா என்பது அடுத்த கேள்வி. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் சீட்டில் எழுதிக் கேட்டும் பயனில்லை. வெள்ளைக்காரர் கையில் அது தாம்ரபர்ணி. புலவர் கையில் பொருநை. ஆற்றங்கரை ஊரான திருநெல்வேலியும் சளைத்ததல்ல. கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட வரலாறும், பேட் 1917-இல் தொகுத்த கெசட்டியரும் 'டின்னவெல்லி'யில் கிடக்கின்றன. திருநெல்வேலி என்று தட்டுபவருக்கு இரண்டும் அகப்படாமல் போகலாம். ஜேஸ்டோர் போன்ற ஆய்வுத் தளங்களின் பழைய கட்டுரைகளிலும் இதே கதை. பாளையங்கோட்டை பாலம்கோட்டாவாகவும் தூத்துக்குடி டூட்டிகொரினாகவும் ஒளிந்திருக்கின்றன. அல்வாவுக்கு மட்டும் ஒரே பெயர். அதைத் தேட நூலகம் வேண்டியதில்லை.

ஆசிரியர் பெயரோ இன்னும் மோசம். புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பை அப்படியே வாசித்தால் அவர் 'புட்டுமைப்பிட்டன்'. மனுஷன் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு கதை எழுதியிருப்பார். எல்லாப் பெயர்களையும் 'அல்லது' போட்டுக் கோத்துத் தேடலாம் என்பார்கள். கோத்து முடிக்கையில் நூலகம் சாத்தும் நேரம் ஆகிவிடும்.

இரண்டாவது முறை, சொல்லின் வாலை வெட்டி நட்சத்திரக் குறி போடுவது. 'தாமிரபரணி' என்பதன் பின்னால் அதைப் போட்டால் தாமிரபரணியின், தாமிரபரணிக்கரை எல்லாம் வரும். 'ஆறு' என்பதற்குப் போட்டால் ஆற்றங்கரை வராது, ஆறுமுகம் வருவார். 'ஆற்று' என்று திருத்தினால் மனநல ஆற்றுப்படுத்தல் நூல்கள் வரும். அதற்குள் தேடுபவருக்கு அவையும் தேவைப்பட்டிருக்கும்.

சீர்காழிக்காரரான ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. சென்ற வாரம் ஒரு நூலகத்தில் வாசகர் ஒருவர் 40 நிமிடம் தட்டிப் பார்த்தும் விடை பூஜ்ஜியம்தான்.

மூன்றாவது முறை, கேட்பது. "ஏம் சார், இத்தன நேரமா அதையா தட்டிக்கிட்டு இருந்திய? மொதல்லயே கேட்டிருக்கலாம்லா!" என்றார் நூலக மேசைக்காரர், அந்த வாசகரிடம். புத்தகம் அவர் முழங்கைக்குக் கீழேயே, திருப்பித் தந்த குவியலில் இருந்தது. பட்டியலில் அதை இன்னும் ஏற்றவில்லை.