எரேமியா ஆடிய நாடகமும் எருசலேம் ஆடிய நாடகமும்

எருசலேம் அரண்மனை மாடத்திலிருந்து பார்த்தால் தீர்க்கதரிசி எரேமியாவைப் போல எரிச்சலூட்டும் பிறவி வேறு கிடையாது. ஆனதோத் ஊர் ஆசாரியர் வீட்டுப் பிள்ளை. பலி செலுத்தி, பங்கு வாங்கி, பெண்டு பிள்ளையோடு காலத்தை ஓட்டியிருக்கலாம். கல்யாணமும் வேண்டாம், கல்யாண வீட்டு விருந்தும் வேண்டாம் என்று திரிந்தார். வாயால் சொன்னதோடும் நிற்கவில்லை. புதுச் சணல் கச்சையைப் பாறை இடுக்கில் ஒளித்துவைத்து, அது இற்றுப்போன பிறகு எடுத்துவந்து, யூதாவின் பெருமைக்கு இதுதான் கதி என்றார். மூப்பர்களை இன்னோம் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போய், குயவன் வனைந்த கலயத்தை அவர்கள் கண்முன்னே போட்டு உடைத்து, இந்த நகரமும் இப்படித்தான் நொறுங்கும் என்றார். திரும்பி வந்து ஆலய முற்றத்திலும் அதையே பேசினார்.

ஆலயத்துக்குத் தலைமைக் கண்காணி பஸ்கூர். பாவம், அவர் என்ன செய்வார்? எரேமியாவை அடித்து, தொழுமரத்தில் மாட்டிவைத்தார். பெற்ற பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட பள்ளத்தாக்கு அந்த இன்னோம். அதற்காக பஸ்கூர் யாரையும் தொழுமரத்தில் மாட்டியதாகச் செய்தி இல்லை. பிள்ளை எரிந்தால் பக்தி. பானை உடைந்தால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

யோயாக்கீம் ராஜாவையும் பாராட்டத்தான் வேண்டும். கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, கேதுருப் பலகை அடித்து, சிவப்புச் சாயம் பூசி மாளிகை கட்டிக்கொண்டவர். கி.மு. 604 வாக்கில், எரேமியா சொல்லச் சொல்ல பாருக் எழுதிய சுருள் அவரிடம் வந்து சேர்ந்தது. குளிர்காலம், முன்னால் கணப்பு. அரண்மனை அதிகாரி யெகுதி மூன்று நான்கு பத்தி படித்ததும், எழுத்தனின் சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போட்டார் ராஜா. சுருள் தீரும்வரை இப்படியே. எவ்வளவு நேர்மை பாருங்கள்! படிக்கக் கேட்டுவிட்டு எரித்தார். பின்னால் வந்த தணிக்கையாளர்கள் அந்தச் சிரமம்கூடப் படுவதில்லை. பாருக் மறுபடி உட்கார்ந்து, பழையதோடு புதியதும் சேர்த்து எழுதினார்.

பின்னாளில் ராஜாவானவர் சிதேக்கியா. பாபிலோனுக்கு எதிராகக் கூட்டணி பேச ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் தூதர்கள் எருசலேமுக்கு வந்திருந்த நேரத்தில், பாபிலோனுக்கு அடங்கிப் போங்கள் என்று எரேமியா கழுத்தில் மர நுகத்தோடு நின்றார். கிபியோன் ஊர் அனனியாவுக்குப் பொறுக்கவில்லை. பாபிலோன் கொண்டுபோனதெல்லாம் இரண்டே ஆண்டில் திரும்பிவிடும் என்று வாக்குக் கொடுத்து, அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தார். ஆளும் கூட்டத்துக்கு இப்படி ஒரு தீர்க்கதரிசி எப்போதும் தேவை. தேதி சொல்லுவார், தேதி தவறினால் யாரும் அவரைத் தொழுமரத்தில் மாட்ட மாட்டார்கள்.

எரேமியா செய்ததெல்லாம் நாடகம் என்றால், அரசாங்கம் நடத்திய நாடகத்தையும் சொல்லவேண்டும். பாபிலோன் படை மதிலைச் சூழ்ந்ததும் பிரபுக்களுக்குத் திடீரென்று வேதம் நினைவுக்கு வந்தது. எபிரெய அடிமையை ஏழாம் ஆண்டில் விடுதலை செய்யவேண்டும் என்ற பழைய சட்டத்தைத் தூசி தட்டினார்கள். ஆலயத்தில் உடன்படிக்கை. கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அதன் நடுவே நடந்தார்கள். அடிமைகள் போகலாம்! எகிப்தியப் படை புறப்பட்ட செய்தி கேட்டுப் பாபிலோனியர் சற்றே விலகினார்கள். உடனே அதே பிரபுக்கள் விட்ட ஆண்களையும் பெண்களையும் திரும்பப் பிடித்து வேலைக்கு இழுத்துவந்தார்கள். கன்றுக்குட்டி செத்ததுதான் மிச்சம்.

இதைத் தட்டிக் கேட்ட எரேமியாதான் தேசத் துரோகி. போர்வீரர்களின் கையைத் தளரச் செய்கிறார் என்று குற்றம் சாட்டி, சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள். தூக்கிவிட எத்தியோப்பியரான எபெத்மெலேக்கு வரவேண்டியிருந்தது. உள்ளூர் தேசபக்தர் ஒருவரும் கயிறு கொண்டுவரவில்லை. எரேமியாவைக் கொல்லச் சொன்ன பிரபுக்களில் யெகூகாலும் கெதலியாவும் உண்டு. அந்த இரு பெயர்களும் பொறித்த களிமண் முத்திரைகள் நம் காலத்தில் எருசலேம் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. விரல் நுனி அளவு களிமண். அதிகாரத்துக்கு அது போதும்.

முற்றுகை நடக்கும்போதே, காவலில் இருந்தபடி, எதிரி மிதித்துக்கொண்டிருந்த ஆனதோத் நிலத்தைத் துரோகி 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். தேசபக்தராகிய ராஜாவோ மதில் இடிந்ததும் இரவோடு இரவாகத் தோட்டத்து வழியே ஓடினார். பாபிலோன் ஒன்றும் தர்மசத்திரம் இல்லை. பிடிபட்ட சிதேக்கியாவின் பிள்ளைகளை அவர் கண்முன்னே வெட்டி, பிறகு அந்தக் கண்களையும் பிடுங்கிய படை அது. ஆனாலும் அதன் தளபதி நெபுசராதான், ஒன்றுமில்லாத ஏழைகளை அங்கேயே விட்டு, அவர்களுக்குத் திராட்சைத் தோட்டமும் வயலும் கொடுத்தார்.

தாவீதின் வம்சமும் ஆலயமும் உடன்படிக்கையும் ஆசாரியர் படையும் இருந்த நாட்டில் ஏழைக்கு ஒரு துண்டு நிலம் கிடைக்க எதிரியின் தளபதி வரவேண்டியிருந்தது. அப்படியானால் விழுந்தது யாருடைய நாடு?